சும்மாடு இல்லாத தலை

சனி, ஞாயிறு வந்தால் சென்னை எங்கள் ஊருக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமை இரவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் நெருக்கத் தொடங்கும். கோவளத்தில் வந்து இறங்குகிறவர்கள் கடலைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் விரிப்பார்கள். சற்று நேரத்தில் யாராவது ஒருவர் கார்க் கதவைத் திறந்துவைத்துப் பாட்டுப் போடுவார். ஆணும் பெண்ணும் மணலில் ஆடுவார்கள். 2013-ல் அலைச்சறுக்கு விழா தொடங்கிய பிறகு மேடை போட்டு இசை நிகழ்ச்சியும் நடத்தினார்கள். எங்கள் பையன்கள் பலகை மேல் ஏறி அலையில் நின்றார்கள். 2021-ல் எங்கள் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. குப்பத்துப் பெண்கள் அந்தப் பக்கம் போவதென்றால் மட்டும் கையில் ஏதாவது வேலை இருக்க வேண்டும்.

"எப்படி ஆடுறாங்க பாரும்மா" என்று ஒருமுறை அம்மாவிடம் சொன்னேன். கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: "அதுங்களுக்கு லீவு. நமக்கு எப்பம்மா லீவு?"

இது நாங்கள் லீவு எடுத்துக்கொண்ட ஒரு சனி, ஞாயிறின் கதை.

2023 ஜனவரி 14, சனிக்கிழமை. போகி. சென்னையில் 'சென்னை சங்கமம் - நம்ம ஊரு திருவிழா' நடந்துகொண்டிருந்தது. 2007-ல் தொடங்கி, பின் பல ஆண்டுகள் நின்றுபோயிருந்த விழா. அந்த ஆண்டு அரசின் கலை பண்பாட்டுத் துறை நகரத்தின் பல இடங்களில் அதை நடத்தியது. பூங்கா, விளையாட்டுத் திடல், கடற்கரை என்று திறந்த வெளிகளில் பறை, கரகம், ஒயில், தேவராட்டம். நுழைவுச்சீட்டு கிடையாது. திருவான்மியூரில் இருக்கும் என் தோழி, வரலாறு நடத்துகிறவள், போன் செய்தாள். "எலியட்ஸ் கடற்கரைக்குப் பெண்கள் பறைக்குழு ஒன்னு வருது. ராத்திரி என் வீட்டுல தங்கிக்கோ. அம்மாவையும் கூட்டிட்டு வா."

வீட்டில் சொன்னேன். என் இணையர் நல்ல மனிதர்தான். "நாளைக்குப் பொங்கல் ஆச்சே" என்றார்.

"தெரியும். விடியற்காலை முதல் பஸ்சில் வந்துவிடுவோம். பச்சரிசி, வெல்லம், பானை எல்லாம் மேடையில் இருக்கிறது."

"நீங்க மூணு பேரும் இல்லாம வீடு என்னமோ மாதிரி இருக்கும்."

அவர் தடுக்கவில்லை. ஆனால் அனுமதி கொடுத்தவர் முகம் அவருக்கு வந்துவிட்டிருந்தது. நான் கேட்காத அனுமதி அது. இருபத்திரண்டு ஆண்டுத் திருமண வாழ்க்கையில் அவர் சனிக்கிழமை எங்கே போனார், எப்போது வந்தார் என்று நான் கேட்ட நாள்களை விரல்விட்டு எண்ணலாம். அவர் முகத்தை நான் கவனிக்காததுபோலப் புடவையை மடித்துப் பையில் வைத்தேன்.

தெருமுனையில் போகிக் குப்பை புகைந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு அக்கா மறித்தார். "போகியும் அதுவுமா மூணு பேரும் எங்க கிளம்பிட்டீங்க?"

"கருத்தரங்கு அக்கா, சென்னையில" என்றேன் நான்.

அதே நொடியில் அம்மா சொன்னாள்: "கண்ணு காட்டணும். ஆஸ்பத்திரிக்கு."

பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு என் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டாள். "ஆயா, பொங்கலுக்கு எந்த ஆஸ்பத்திரி கண்ணு பாக்கும்? அம்மா, உனக்கு எந்த காலேஜ் கருத்தரங்கு வைக்கும்?"

சிரித்துவிட்டோம். ஆனால் அந்தப் பொய் எனக்குள் கிடந்து உறுத்தியது. அம்மாவுக்கு 72 வயது. எனக்கு 46. ஒருத்தி ஆயுள் முழுவதும் மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவள். இன்னொருத்தி முனைவர் பட்டம் வாங்கிக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள். சும்மா போகிறோம், பாட்டுக் கேட்கப் போகிறோம் என்று ஒரு பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. அவளுக்கு நோய் வேண்டியிருந்தது, எனக்கு அறிவு வேண்டியிருந்தது. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' என்ற நூல் 2011-ல் வந்தது. பொது வெளியில் ஒரு பெண் தான் ஏதோ காரியமாக வந்திருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. காரணம் ஏதுமின்றிச் சும்மா திரிவதும் பெண்களின் உரிமைதான் என்று அதில் வாதிட்டிருப்பார்கள். அதை மேற்கோள் காட்டி நான் கட்டுரை வாசித்திருக்கிறேன். கோவளம் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கிற தூரத்தில் அந்தக் கட்டுரை என் கைக்கு உதவவில்லை.

நடத்துநர் எங்கள் மூவருக்கும் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அம்மா அந்தச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் மீன் விற்ற காலத்தில் கூடையோடு நின்றால் பேருந்து பார்த்தும் பார்க்காததுபோலப் போய்விடும். நாலைந்து பெண்கள் காசு சேர்த்து ஆட்டோ பிடித்துத்தான் அடையாறுக்கும் பெசன்ட் நகருக்கும் போவார்கள். அது பழைய கதை என்றும் சொல்லிவிட முடியாது. 2021 டிசம்பரில்கூடக் குமரி மாவட்டம் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய ஒரு மூதாட்டியை நாற்றம் அடிக்கிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்ட செய்தி வந்தது. கட்டணம் போய்விட்டது. மூக்கைப் பிடிக்கிற கை இன்னும் போகவில்லை.

முட்டுக்காடு பாலத்தில் காற்று அடித்தது. உத்தண்டி, ஈஞ்சம்பாக்கம், நீலாங்கரை. சுமார் 25 கிலோமீட்டர். திருவான்மியூரில் தோழியின் வீட்டில் பைகளை வைத்துவிட்டுப் பெசன்ட் நகருக்கு நடந்தோம்.

அங்கேதான் நான் முதன்முறையாக அதைக் கவனித்தேன். தெருவுக்குள் நுழைந்ததும் அம்மாவின் வலது கை தானாக உயர்ந்தது. காதுக்கு மேலே போய், இல்லாத கூடையின் விளிம்பைத் தேடியது. ஒரு நொடி அங்கேயே நின்றுவிட்டுக் கீழே இறங்கியது. அவளுக்கே அது தெரியவில்லை. அடுத்த தெருத் திருப்பத்தில் மறுபடியும் உயர்ந்தது.

முப்பது ஆண்டுகள் அவள் நடந்த தெருக்கள் அவை. மனிதர்களைவிட வாசல்களைத்தான் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. "இந்த வூட்டம்மா வஞ்சிரம் மட்டும்தான் வாங்கும். அந்தப் பச்சை கேட்டுல நாயி. இங்க ஒரு பெரியம்மா இருந்துச்சு, தண்ணி கேட்டா சொம்புல குடுக்கும், வாய் வைக்காம குடின்னு சொல்லும்." பாதி வீடுகள் அடுக்குமாடிகளாகிவிட்டிருந்தன. கடற்கரைக்கு இரண்டு தெரு முன்னால் நின்று அவள் சொன்னாள்: "இத்தினி வருசம் இந்தப் பக்கம் வந்திருக்கேன். அந்த பீச்சுல ஒரு தபா குந்தினதில்ல."

"ஏம்மா?"

"கூடைய எறக்குனா ஏத்திவுட ஆள் வேணுமே."

சும்மாடு என்ற சொல்லை வகுப்பில் விளக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. சுமைக்கும் தலைக்கும் நடுவே வைக்கிற துணிச்சுருள். அம்மாவுடையது ஒரு பழைய நீலப்புடவைக் கிழிசல். உப்பும் மீன் செதிலும் ஏறிக் கெட்டித்துப் போயிருக்கும். சும்மாடு என்பது சுமையிலிருந்து வந்த சொல். சும்மாவுக்கும் அதற்கும் வேரில் உறவில்லை. ஆனாலும் அன்று அந்த இரண்டு சொற்களும் என் மண்டைக்குள் ஒட்டிக்கொண்டன. தெருவில் நிற்கப் பெண்ணுக்குச் சும்மாடு வேண்டும். சும்மா நிற்க முடியாது.

கடற்கரையில் கூட்டம் சேர்ந்திருந்தது. ஓரமாகக் காகிதமும் ஓலையும் போட்டுத் தீ மூட்டிப் பறைகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தோல் சூடேறினால்தான் இறுகும், இறுகினால்தான் பேசும். காய்ச்சியவர்கள் ஆறு இளம்பெண்கள். காலில் சலங்கை, இடுப்பில் இறுக்கிச் செருகிய துண்டு. ஒரு கையில் நீண்ட மெல்லிய சிம்புக்குச்சி, மறு கையில் குட்டையான அடிக்குச்சி. ஒருத்தி பறையைக் காதருகே வைத்து விரலால் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி தீயில் காட்டினாள். ஊரெல்லாம் பழையதைக் கொளுத்துகிற போகி நாளில் இவர்கள் மட்டும் தீயை வேறு எதற்கோ பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

அருகில் போய் எந்த ஊர் என்று கேட்டேன். விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னாள். "எங்க அப்பாவும் அடிப்பாரும்மா. சாவுக்குக் கூப்பிடுவாங்க, போவாரு. எங்க வீட்டுல பொண்ணுங்களைத் தொட விடமாட்டாங்க. நான் பயிற்சி முகாம்லதான் கத்துக்கிட்டேன். நான் சாவுக்குப் போறதில்ல. விழாவுக்கு மட்டும்தான்."

"அப்பா என்ன சொல்றார்?"

"மொதல்ல பேசல. இப்ப தோலு எங்க நல்லா கிடைக்கும்னு சொல்லித் தர்றாரு."

திண்டுக்கல் 'சக்தி கலைக் குழு'வின் பெண்கள் பறையைக் கையில் எடுத்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சாதியும் தீட்டும் ஒட்டிவைத்த தோலைச் சகோதரி சந்திராவும் அந்தக் குழுவின் தலித் பெண்களும் பெருமையாக மாட்டிக்கொண்டார்கள். ராயபுரத்து இசைவாணி, ஆண்கள் மட்டுமே பாடிய கானாவை மேடையேறிப் பாடி 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். இதையெல்லாம் நான் ஆய்வு மாணவர்களுக்குச் சொல்கிறவள். ஆனால் பறைச் சத்தத்தோடு எனக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது.

எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் அம்மா இறந்துபோனாள். பேரன் பேத்தி எடுத்த கல்யாணச் சாவு. சேரியிலிருந்து மேளக்காரர்கள் வந்து காலையிலிருந்து அடித்தார்கள். எங்கள் ஆண்கள் அந்த அடிக்குப் பாடைக்கு முன்னால் ஆடினார்கள். அடித்தவர்களுக்குத் தண்ணீரும் காசும் தெருவிலேயே கொடுக்கப்பட்டன, திண்ணையில் ஏற்றவில்லை. அவர்கள் கை வேண்டும், காலடி வேண்டாம். நாங்களும் கடலோரம் ஒதுக்கப்பட்டவர்கள்தான் என்றாலும் எங்களுக்குக் கீழே ஒரு படி வைத்துக்கொள்ள மறக்கவில்லை. பெண்கள் உள்ளே வட்டமாக உட்கார்ந்து மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். குப்பத்துப் பெண்ணுக்கு உரக்கப் பாட அனுமதி உள்ள இடம் அது ஒன்றுதான். நான் உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் வாசற்படியில் நின்றேன். எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை. சித்தப்பாக்களுக்கு நடுவே நானும் ஆடிக்கொண்டிருந்தேன். முதுகில் பொளேரென்று விழுந்தது. அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். "சாவு மேளத்துக்கு ஆடுற பொட்டச்சிய எவன்டி கட்டுவான்?"

அதற்குப் பிறகு நான் ஆடவில்லை. படித்தேன்.

படித்ததில் நிறைய ஆட்டம் இருந்தது என்பதுதான் வேடிக்கை. மடக்கிய கைகளால் விலாவில் அடித்துக்கொண்டு பெண்கள் ஆடிய துணங்கையை, கை கோத்து ஆடிய குரவையை ஆண்டுதோறும் நடத்துகிறேன். குறுந்தொகையின் 31-ஆவது பாட்டில் ஆதிமந்தி என்ற பெண்பாற்புலவர், விழாவிலும் துணங்கை ஆடுமிடத்திலும் தன் ஆளைத் தேடுகிற ஒருத்தியைப் பேசவைக்கிறார். அந்தப் பெண் தானும் ஆடுகிறவள்தான் என்பதை வெட்கமில்லாமல் சொல்கிறாள். அந்த இடம் வரும்போதெல்லாம் என் குரல் தணிந்துவிடும். அது ஏன் என்று நான் யோசித்ததில்லை.

நம் மொழி இடையில் எங்கோ 'கூத்தாடி', 'ஆட்டக்காரி' என்பவற்றை வசைச் சொற்களாக்கிக்கொண்டது. நாங்கள் நின்றிருந்த இடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் கலாக்ஷேத்ரா இருக்கிறது. 1936-ல் ருக்மிணி தேவி நிறுவியது. கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் 1947-ல் வந்தது. பெண்களைச் சுரண்டலிலிருந்து மீட்க அந்தச் சட்டம் வேண்டும் என்று மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் முத்துலட்சுமி ரெட்டியும் போராடினார்கள். நியாயமான போராட்டம். ஆனால் அதே காலத்தில் ஆட்டம் மட்டும் தனியே கழற்றப்பட்டு, உயர்சாதி வீட்டுப் பெண்கள் கற்கத்தக்க கலையாக மேடைக்குப் போனது. அதை ஆடிவந்த குலத்துப் பெண்களில் பலர் மேடையையும் இழந்து பெயரையும் இழந்தார்கள். எங்களைப் போன்ற வீடுகளுக்கு ஆட்டத்தின் கெட்ட பெயர் மட்டும் வந்து சேர்ந்தது.

பறை தொடங்கியது. முதலில் நிதானமாக, ஒருத்தி கேள்வி கேட்பதுபோல. பிறகு ஐந்து பேரும் பதில். அடி என் காதுக்கு வரும் முன் வயிற்றுக்கு வந்தது. கூட்டம் வட்டமாகப் பின்னால் நகர்ந்தது. கால்மணி நேரம் ஆடிவிட்டு அந்த விழுப்புரத்துப் பெண் வட்டத்தின் ஓரமாக வந்து, பறையை அடித்தபடியே கண்ணால் ஆள்களைக் கூப்பிட்டாள். பையன்கள் பாய்ந்தார்கள். என் மகள் பாய்ந்தாள். தோழி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். பின்பு அந்தப் பெண் எனக்கு முன்னால் வந்து நின்றாள். நின்ற இடத்திலேயே அடித்தாள்.

முதுகில் ஓர் இடம் கூசியது. முப்பத்தேழு ஆண்டுகளாக அங்கேயே இருக்கிற இடம். அம்மா எனக்குப் பின்னால்தான் மணலில் உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கினேன்.

எனக்கு ஆடத் தெரியாது. கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. முதலில் வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிறவள்போல வலது கை மட்டும் ஆடியது. புடவை காலில் சிக்கியது. என் மகள் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு என் முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிவிட்டாள். அதன் பிறகு எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மூச்சு வாங்கியது. முட்டி வலித்தது. கூட்டத்தில் யாருக்கும் நான் யார் என்று தெரியாது. பேராசிரியை, மனைவி, அம்மா, குப்பத்திலிருந்து படித்து வந்த முதல் பெண் என்று நான் தலையில் வைத்திருந்த கூடைகளை இறக்க அங்கே ஆள் இருந்தது. நகரத்துக்கு இந்த ஒரு நல்ல குணம் உண்டு. அது நம்மைக் கண்டுகொள்ளாது.

ஓய்ந்து வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சுண்டல் பொட்டலத்தை நீட்டினாள். இரண்டு கைகளையும் பின்னால் மணலில் ஊன்றி, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளை அப்படி ஓர் உட்காரலில் நான் பார்த்ததே இல்லை. இரவு பத்து மணிக்கு எழுப்பினபோது, "இன்னும் கொஞ்ச நேரம் குந்தலாமே" என்றாள்.

விடியற்காலைப் பேருந்தில் ஆள் குறைவு. போகிப் புகையும் பனியும் சேர்ந்து சாலையை மூடியிருந்தன. மகள் தூங்கிவிட்டாள். நீலாங்கரை தாண்டியதும் அம்மா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"உங்க ஆயா செத்தன்னிக்கு உன்னை அடிச்சேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எங்காலும் நிக்கல அன்னிக்கு. உள்ள ஒப்பாரி வெச்சிக்கினு இருந்தேன், கால் மட்டும் வெளிய மேளத்துக்கு ஆடுது. யாராச்சும் பாத்துட்டாங்களோன்னு பயம். வெளிய வந்து பாத்தா நீ ஆடிக்கினு கீற." கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்கால அடிக்க முடியுமா? உன் முதுவுல அடிச்சேன்."

முட்டுக்காடு பாலம் வரை நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பெண்ணியம் பற்றி நான் எழுதியதிலெல்லாம் அடிக்கிற கை எப்போதும் ஆணுடையதாகவோ, ஆணுக்காக அடிக்கிற பெண்ணுடையதாகவோ இருந்தது. தன் காலை அடக்க முடியாமல் மகள் முதுகில் அடித்த பெண்ணுக்கு நான் இடம் வைத்திருக்கவில்லை.

வீட்டில் இணையர் வாசலில் அடுப்புக் கூட்டிப் பானை ஏற்றியிருந்தார். கோலம் மட்டும் கோணலாக இருந்தது. பொங்கல் லேசாக அடிப்பிடித்துவிட்டது. வீடு அப்படியே நின்றது.

நான்கைந்து நாளில் மகள் எடுத்த காணொளி உறவினர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கிருந்து வேறெங்கோ போய், கல்லூரிக்கும் வந்துவிட்டது. 'படிச்சவங்களே இப்படின்னா' என்று ஓர் உறவினர் எழுதினார். ஆசிரியர் அறையில் சக பேராசிரியர் ஒருவர், "மேடம், பறையெல்லாம் ஆடுறீங்களாமே, எங்களுக்கு எப்ப?" என்றார். அந்த 'எங்களுக்கு எப்ப'வுக்குள் இருந்ததை எல்லாப் பெண்களும் கேட்டிருப்பார்கள். அன்று எனக்கு வந்த பதில் சுமாரானது. "நீங்க வந்தா நீங்களும்தான் சார் ஆடணும். பார்க்கிறதுக்கு இடம் இல்ல" என்றேன். கை நடுங்கியதை மறைக்கத் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பருவத்தில் இரண்டாம் ஆண்டுக்குக் கானல்வரி நடத்த வேண்டியிருந்தது. புகார்க் கடற்கரை. கோவலன் யாழை வாங்கி, வேறொருத்தியை நினைத்துப் பாடுவதுபோலப் பாடுகிறான். மாதவி அதே யாழை வாங்கி, தானும் வேறொருவனை நினைத்தவள்போலப் பாடுகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். அவள் தனியே வீடு திரும்புகிறாள். இருபது ஆண்டுகளாக ஊழ்வினை, ஊடல் என்று உரையாசிரியர் வழியில் சொல்லிவந்த இடம். அந்த ஆண்டு நிறுத்திக் கேட்டேன்: "இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் பாடினார்கள். ஏன் ஒருவர் பாட்டு மட்டும் குற்றமானது?" வகுப்பு அமைதியாக இருந்தது. பின்வரிசையில் ஒரு பெண், காணொளியைப் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன், எழுந்து சொன்னாள்: "அவன் கடற்கரைக்குப் போனது பொழுதுபோக்க மேடம். அவ அங்கயும் அவனை மகிழ்விக்கிற வேலையிலதான் இருக்கணும். அவ தனக்காகப் பாடிட்டா."

நான் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம் அது. குறித்துக்கொண்டேன்.

இதை இங்கே முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் கோவளத்துக்குத் திரும்பி வந்துதான் ஆக வேண்டும். பெசன்ட் நகரில் நான் ஆடியது உண்மை. யாரும் என்னை அறியாத ஊரில், அரசு ஏற்பாடு செய்த விழாவில், காவலும் வெளிச்சமும் இருந்த இடத்தில் ஆடினேன். என் தெருவில் அது எதுவும் கிடையாது. இங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும்.

அந்த ஆண்டு மாசி மகத்தன்று சுற்று ஊர்களின் சாமிகள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வந்தன. இந்தப் பௌர்ணமிக்குத்தான் தெற்கே மாமல்லபுரம் மணலில் இருளர் குடும்பங்கள் கூடிக் கன்னியம்மனை வணங்குவார்கள். அங்கே இரவெல்லாம் பெண்களும் ஆடுவதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். சுற்றுலாத் துறையின் நாட்டிய விழா நடக்கிற அதே ஊர்தான். மணலில் ஆடியவர்களுக்கு முன்னால் நாற்காலி வரிசை கிடையாது.

எங்கள் தெருவழியாக மேளம் வந்தது. முன்னால் பையன்கள் ஆடிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் வாசல்களில் நின்றோம். என் கால் ஆடியது. அடித்துக்கொண்டு வந்தவர்களில் ஒருவன் என் பழைய மாணவன். என்னைப் பார்த்ததும், "வணக்கம் மேடம்" என்று குச்சியோடு கை கூப்பினான். நான் நிமிர்ந்து நின்று வணக்கம் சொன்னேன். பேராசிரியை மறுபடி தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கால் நின்றுபோனது.

அம்மா எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு படியிறங்கித் தெருவுக்குப் போனாள். ஆடவில்லை. மேளத்துக்கும் வாசல்களுக்கும் நடுவில், எல்லோரும் பார்க்க, இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டார். "இன்னா பெரிம்மா, நடுத்தெருவுல இன்னா பண்றே?"

"ஒன்னும் பண்ணலடி" என்றாள் அம்மா. "சும்மா நிக்கிறேன்."

நான் படியிறங்கிப் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.